நெல்மணி அளவு ரெசிஸ்டர்

வெள்ளைக்காரர்கள் படைத்தளத்தைக் காலி செய்யத் தொடங்கியதும் எனக்கு வேலை போயிற்று. அங்கே நான் ரேடியோ பழுது பார்ப்பவன். மாதக்கணக்கில் அலைந்தேன். வயதைக் கேட்டதும் எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கடைசியில் ஜூரோங்கில் புதிதாக வந்த ரேடியோத் தொழிற்சாலை வரச் சொன்னது. இதுவும் போனால் சிராங்கூன் சாலை அறையைக் காலி செய்ய வேண்டியதுதான்.

மனைவியும் கூட வந்தாள். தனியாக விட்டால் பாதி வழியில் திரும்பிவிடுவேனாம். பஸ் மாறி, செம்மண் தூசியில் நடந்து, போய்ச் சேர்வதற்குள்ளேயே எனக்கு அலுத்துவிட்டது.

கேள்வி கேட்பார்கள் என்று நினைத்திருந்தேன். ரெசிஸ்டர் என்பது மின்சாரத்தை மட்டுப்படுத்தும், இரு முனையிலும் கம்பி நீட்டிய சின்னப் பொருள். அதன் வண்ணக் கோடுகள் எவ்வளவு மட்டுப்படுத்தும் என்பதைச் சொல்லும். பருமன் எவ்வளவு சூடு தாங்கும் என்பதைச் சொல்லும். கரியில் செய்தது எது, பீங்கானில் கம்பி சுற்றியது எது என்று தூக்கத்திலும் சொல்வேன். யார் கேட்டார்கள்? மேற்பார்வையாளர் ரெசிஸ்டர்கள் நிறைந்த ஒரு தட்டையும் துளை போட்ட பலகையையும் என் முன்னால் தள்ளி, "கம்பிய மடக்கி ஓட்டையில சொருகுங்க" என்று மலாயில் சொன்னார். அவ்வளவுதான் பரீட்சை.

தளத்தில் நான் புழங்கியவை வேர்க்கடலைப் பருமன். இவை வெறும் நெல்மணி. விரலுக்கடியில் இருப்பதே தெரியவில்லை. ஒன்றைச் சொருகுவதற்குள் இரண்டு வழுக்கின. பதற்றத்தில் முழங்கை பட்டுத் தட்டே கவிழ்ந்தது.

சுவரோரம் உட்கார்ந்திருந்த மனைவி வந்து தரையில் குந்தினாள். விரல் நுனியால், ஒரு கம்பிகூட வளையாமல், எல்லாவற்றையும் பொறுக்கித் தட்டில் போட்டாள். மேற்பார்வையாளர் அவள் கையையே பார்த்தார். பிறகு பலகையை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் என்னைப் பார்க்காமலே மளமளவென்று சொருகி முடித்தாள்.

"திங்கட்கிழமை இவங்க வரலாம்" என்றார்.

"அவரு?" என்றாள் மனைவி.

மேற்பார்வையாளர் கையை விரித்தார். எனக்கு வெட்கத்தைவிட அசதிதான் அதிகமாக இருந்தது. எங்காவது படுத்துவிட்டால் போதும் என்றிருந்தது.

திரும்பும் பஸ்ஸில் புக்கிட் தீமா தாண்டியதும் மெதுவாக, "நான் போகட்டுமா?" என்று கேட்டாள். கல்யாணமான நாளிலிருந்து எதற்கும் என்னிடம் உத்தரவு கேட்டறியாதவள். 'உங்களால ஒரு வேல தேடிக்க முடியல' என்று பஸ்ஸிலிருந்த அத்தனை பேர் முன்னால் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் கேட்ட விதத்தைத்தான் தாங்க முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.