பகல் தூக்கத்துக்கு ஒரு லயமே உழைத்த கதை

தேயிலை பதப்படுத்தும் தொழிற்சாலையான ஸ்டோரில் இராத்திரி அடுப்புக்காரனுக்கு உண்மையான வேலை காலையில் வீட்டுக்கு வந்த பிறகுதான் ஆரம்பிக்கும்: தூங்குவது.

ரயில் பாதையில் விளக்குக் காட்டுகிறவர்கள், ரொட்டி சுடுகிறவர்கள், ஆஸ்பத்திரி வாட்டில் விழித்திருக்கிறவர்கள் என்று இதைப் படிக்கும் என் இனத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஊர் எழும்பும்போது நாம் படுக்கிறோம். நாம் படுத்த பிறகு ஊர் சும்மா இருக்குமா?

என் வேலை, தேயிலை காயவைக்கும் மிஷினின் அடுப்புக்கு விறகு தள்ளி, சூட்டை ஒரே நிலையில் வைத்திருப்பது. சூடு இறங்கினால் இலை காயாமல் வெந்துபோகும். ஏறினால் கருகும். இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், ஐம்பதுகளின் நடுவில், ஒரு பெருமழைக் காலம். பகல் முழுக்கத் தூக்கமில்லாமல் கிடந்து, இராத்திரி அடுப்புக்கு முன்னால் இரண்டு தடவை கண்ணயர்ந்துவிட்டேன். இரண்டு தடவையும் தேயிலை கெட்டது. ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா முதல் தடவை கண்டபடி ஏசினார். இரண்டாவது தடவை ஏசவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கெட்ட தேயிலையைக் கையில் அள்ளி மோந்து பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "இன்னொரு தடவை ஆச்சுன்னா என்னால மறைக்க முடியாது, ஆறுமுகம். தொரை பத்துச்சீட்டைக் கிழிச்சுக் கையில குடுத்துடுவாரு."

பத்துச்சீட்டு கையில் விழுந்தால் வேலையோடு, தோட்டத்து வரிசை வீடான லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவும் போகும். என் மனைவி காமாட்சியும் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னோடு நடக்க வேண்டும். தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு எந்தத் தோட்டத்தில் போய் நிற்பது? ஆகவே நான் பகலில் தூங்கியே ஆக வேண்டும். 'தூங்கியே ஆக வேண்டும்' என்று நினைத்துக்கொண்டு படுத்துப் பாருங்கள், அப்போது தெரியும்.

வீட்டுக்குள் ஒரு குடை

எங்கள் காம்பராவின் கூரைத் தகரம் எங்கள் லயத்துக்கு வருவதற்கு முன்பே வேறு எங்கேயோ உழைத்துக் களைத்த தகரம். பழைய ஆணி ஓட்டைகள் அப்படியே இருந்தன. மழை விட்டு வெயில் தலைகாட்டினால் போதும், ஓட்டைக்கு ஒன்றாக வெளிச்சம் இறங்கிப் பாயில் ஊர ஆரம்பிக்கும். ஒன்று கண்ணை விட்டு நகர்ந்தால் அடுத்தது வந்து சேரும். தார் வைத்து அடைத்தேன். வெயிலில் இளகி, தாரும் மூக்கில் சொட்டியது.

ஹட்டன் கடைத்தெருவில் குடை பழுது பார்க்கிற முஸ்லிம் பெரியவர் ஒருவர் இருந்தார்; நானா என்றுதான் கூப்பிடுவோம். சாமான் சுற்றி வருகிற பழைய பத்திரிகைத் தாள்களை எனக்காக எடுத்து வைக்கிறவர். நான் படித்த பள்ளிக்கூடம் பெரும்பாலும் அந்தத் தாள்கள்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு, என்ன சங்கதி என்று கேட்டார். சொன்னேன். "கூரையில இருக்கிற ஓட்டையெல்லாம் ஏன் அடைக்கிறீங்க? அடைக்க வேண்டியது உங்க கண்ணு ரெண்டுதானே?" என்றார். யாரோ கைவிட்டுப் போன பெரிய குடை ஒன்றின் காம்பை வெட்டி எடுத்தார். விளிம்பைச் சுற்றி வேறொரு குடையின் கறுப்புத் துணியைப் பாவாடை மாதிரித் தைத்தார். உச்சியில் ஒரு வளையம். அதை உத்தரத்தில் தொங்கவிட்டு, தலையை உள்ளே விட்டுப் படுத்தால் நடுப்பகல் அமாவாசை. ஒழுகுகிற தண்ணீரும் மேலே விழாது. கட்டிக் கையில் கொடுக்கும்போது நானா சொன்னார்: "மழைக்குக் குடை பிடிச்சவங்க எத்தனையோ பேருக்கு நான் தைச்சுக் குடுத்திருக்கேன். கூரைக்குக் கீழ குடை பிடிச்சுத் தூங்கப் போற மனுசன் நீங்க ஒருத்தர்தான்."

காலுக்குச் செங்கல்

வெளிச்சம் போனது. யோசனை போகவில்லை. இருட்டில் அது இன்னும் நன்றாகத் தெரியும் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். பிரஜாவுரிமை கிடைக்குமா, கிடைக்காவிட்டால் எந்தக் கரைக்கு நம்மைத் தள்ளுவார்கள், பார்த்தேயிராத இந்தியாவில் நமக்கு யார் இருக்கிறார்கள் என்று லயமெல்லாம் பேசிய காலம். மற்றவர்கள் பேசிவிட்டுத் தூங்கினார்கள். நான் பேசாமல் படுத்துப் புரண்டேன்.

காமாட்சி ஒருநாள் காலையில், வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குக் கூப்பிடுவதற்கு முன்பே ஒரு செங்கல்லை அடுப்பில் போட்டாள். நன்றாகச் சூடேறியதும் எடுத்துச் சாக்கில் இரண்டு சுற்றுச் சுற்றி, என் பாயின் கால்மாட்டில் வைத்தாள். நான் வாசலில் நுழைகிறேன், அவள் கூடையோடு வெளியே போகிறாள். எங்கள் குடும்ப வாழ்க்கையில் பாதி அந்த வாசலில்தான் நடந்தது. "இது எதுக்கு?" என்றேன். திரும்பிப் பார்க்காமலே பதில் சொல்லிவிட்டுப் போனாள். சூடு பாதத்தில் ஏறி முழங்காலுக்கு வரும்போது எனக்கு எந்த நாட்டு யோசனையும் இல்லை. அவள் சொன்னது இதுதான்: "உங்க யோசனையெல்லாம் காலு குளிர்றதால வர்றது. கீழ மூட்டிவிட்டா மேல தானா அணைஞ்சிடும்."

பீலிக்குச் சேலை

எங்கள் காம்பராவுக்கு நேரே முன்னால் பீலி. மலைத் தண்ணீர் குழாய் வழியாக வந்து விழுகிற இடம். மண்ணெண்ணெய்த் தகரத்தை வெறுமையாக அதன் கீழே வைத்தால் தப்படித்த மாதிரி இருக்கும். கொழுந்தெடுக்கிறவர்கள் பகல் சாப்பாட்டுக்கு வரும் நேரத்தில் ஒரு தகரம் நிறைவதற்குள் அடுத்த தகரம் வந்து நிற்கும். தண்ணீர் பிடிக்காதீர்கள் என்று யாரிடம் சொல்ல முடியும்?

இதற்கும் காமாட்சிதான். தன் பழைய சேலையில் நீளமாக ஒரு துண்டு கிழித்து, பீலியின் வாயில் கட்டித் தொங்கவிட்டாள். துணியின் நுனி தகரத்துக்குள் கிடந்தது. தண்ணீர் துணியைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் இறங்கியது. பெண்கள் விட்டார்களா? "புருசனுக்குத் தாலாட்டு, பீலிக்குச் சேலையா?" என்று ஒருத்தி. "நாளைக்குப் பொட்டு வச்சு ஊர்வலம் விடுவா பாரு" என்று இன்னொருத்தி. சிரித்துச் சிரித்துப் பிடித்தார்கள். பிடித்து முடித்தபோதுதான் பார்த்தார்கள், யார் கொசுவத்திலும் ஒரு துளி தெறித்திருக்கவில்லை. அந்தக் குளிரில் ஈரச் சேலையோடு மறுபடி மலை ஏற வேண்டாம் என்பது சின்ன விஷயமா? துணி நைந்துபோனபோது, ஊர்வலம் விடுவாள் என்று சொன்னவளே தன் சேலையைக் கிழித்துக்கொண்டு வந்து நின்றாள்: "தள்ளுடி காமாட்சி, இந்தத் தடவை எங்க வீட்டுச் சீலை."

புல் வேய்ந்த தகரம்

பெரிய எதிரி மழைதான். எங்கள் பக்கத்து மழை ஆடி மாதத்தில் தகரத்தில் இறங்கினால், பக்கத்தில் படுத்திருப்பவருக்கு உயிர் போனாலும் தெரியாது. அதற்கு மருந்து கண்டுபிடித்தவர் அடுத்த காம்பரா வீரய்யா. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவர். மலையில் மழைக்கு ஒதுங்கப் போட்ட புல் குடிசைக்குள் மழைச் சத்தமே கேட்பதில்லை என்பது அவருக்குத்தான் முதலில் உறைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மானாப்புல்லைக் கட்டுக் கட்டாக அறுத்து வந்து, என் காம்பராத் தகரத்தின் மேல் தடிப்பாகப் பரப்பினார். உடைந்த தேயிலைப் பெட்டிகளின் தகரப் பட்டிகளைக் குறுக்கே இழுத்துக் கல் வைத்து இறுக்கினார். கூட நின்று புல் தூக்கிக் கொடுத்த லயத்து ஆண்கள் எல்லாருக்கும் அன்று கை அரித்தது.

அடுத்த மழை வந்தது. கூரையில் வெறும் 'உஸ்' என்ற மூச்சு மட்டும். நான் மெய்மறந்தேன். ஆனால் லயத்துக் காம்பராக்களின் நடுச்சுவர் கூரை வரைக்கும் போவதில்லை என்பதை நாங்கள் எல்லாருமே மறந்துவிட்டோம். இத்தனை நாளும் மழை மறைத்து வைத்திருந்த பேச்சு, மேலே உள்ள இடைவெளி வழியாகத் தெளிவாக வந்து விழுந்தது. வீரய்யாவின் மனைவி தன் மாமியாரைப் பற்றிச் சொன்னதில் ஒரு சொல் எனக்குத் தவறவில்லை. நான் இருமினேன். பிறகு வீரய்யாவின் குரல் மட்டும் வந்தது: "மச்சான், இனி நானும் எம்பொஞ்சாதியும் சண்டை போடணும்னா மலை உச்சிக்குத்தான் போகணும்போல!"

மேலே நடப்பவர்

லயத்தின் பின்புறம் மண்மேடு. கூரையின் பின் விளிம்புக்கும் மேட்டுக்கும் இடையில் ஓர் எட்டு தூரம்தான். மனிதன் தாண்ட யோசிப்பான்; ஆடு யோசிக்காது. தோட்டத்து வேலைப் பதிவில் பேர் வெட்டப்பட்டு வீட்டோடு இருக்கிற மாரியாயி அக்காவின் ஆடு, மறுநாளே என் கூரையில் ஏறிவிட்டது. நான்கு குளம்பு, நெஞ்சுக்கு நேர் மேலே. புல்லைப் பறிக்கும், இரண்டு அடி நடக்கும், மறுபடி பறிக்கும். மழையாவது இடையில் ஓயும்.

வெளியே வந்து கத்தினேன். தூக்கம் கெட்டவனின் கோபத்துக்குக் கண் இல்லை. மாரியாயி அக்கா ஆட்டை இறக்கிக் கட்டினார். சாயங்காலம் பார்த்தால், சாணியைத் தண்ணீரில் கரைத்து வாளியில் எடுத்துக்கொண்டு மண்மேட்டில் நின்று, தென்னை ஓலை விளக்குமாற்றால் புல்லின் மேல் தெளித்துக்கொண்டிருக்கிறார். சாணி பட்ட புல்லை ஆடு சீண்டாது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "கோவிச்சுக்காதீங்கக்கா" என்றேன். அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்தார்: "கூரை மேல இலை போட்டுச் சாப்பாடு பரிமாறிட்டு, ஆடு பந்திக்கு வந்துடுச்சுன்னு கோவிச்சுக்கிட்டது நீங்கதானே தம்பி!"

கண்டக்கையா வருகை

இத்தனையும் ஒரே நாளில் போகப் பார்த்தது. தோட்டத்து வேலைகளை மேற்பார்வை பார்க்கும் கண்டக்கையா ஒருநாள் காலை எங்கள் லயத்துக்கு வந்தார். கூரையைப் பார்த்தார். "இது என்ன கூத்து? தோட்டத்துத் தகரம் துருப்பிடிச்சா யாரு பதில் சொல்றது? இப்பவே இறக்கு!" என்றார். புல் இறங்கினால் தூக்கம் போகும். தூக்கம் போனால் மூன்றாவது தடவை. மூன்றாவது தடவை என்றால் பத்துச்சீட்டு. நான் ஏணியைத் தேடிப் போவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. வேறு வழியில்லாமல் கண்டக்கையா என் காம்பராவுக்குள் நுழைந்தார்.

நனைந்த சப்பாத்தைக் கழற்றினார். மாரியாயி அக்கா பாலில்லாத தேநீர், எங்கள் சாயத்தண்ணி, கொண்டுவந்து கொடுத்தார். காலை நீட்டியபோது சாக்குச் செங்கல்லில் பட்டது, எடுக்கவில்லை. சுவரில் சாய்ந்தவர் மெல்ல மெல்லப் பாயில் சரிந்தார். குடைக்குள் தலை போனது. மழை கொட்டுகிறது, உள்ளே சத்தமில்லை. விடிவதற்கு முன்பே பெரட்டுக்கு எழும்புகிற மனிதர் அவரும்தானே? கொஞ்ச நேரத்தில் குறட்டை வந்தது. நாங்கள் வாசல் திண்ணையான இஸ்தோப்பில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். மாரியாயி அக்கா ஆட்டின் வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தார். மழை விட்டு வெகு நேரம் கழித்துத்தான் கண்டக்கையா எழும்பினார். தொப்பியைச் சரிசெய்து, எங்கள் யாரையும் பார்க்காமல் சப்பாத்தை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். நான் ஏணியோடு நின்றேன். அவர் கூரையை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார்.

"நான் இன்னைக்கு இந்தப் பக்கமே வரலை, தெரியுதா? ... ஆமா, இந்தப் புல்லு எந்த மலையில அறுத்தது?"

மழை முடிந்த பிறகு

மழைக்காலம் முடியும்வரை அடுப்பு ஒரு தடவைகூடச் சோரவில்லை. ஒரு காலையில் வேலை முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தபோது, டீமேக்கர் ஐயா சாயம் ருசி பார்க்கிற மேசைக்கு என்னைக் கூப்பிட்டார். கிண்ணங்களை வரிசையாக உறிஞ்சித் துப்பிவிட்டு நிமிர்ந்தார். மூன்றாவது தடவையோ என்று நினைத்தேன். "நல்லாருக்கு. சூடு ஆடாம அசையாம நின்னிருக்கு. உன்னைப் பத்தி இனி தொரைகிட்ட நான் எதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆமா, அப்படி என்னதான் செஞ்ச?" என்று கேட்டார்.

எனக்கு நானா, காமாட்சி, வீரய்யா, மாரியாயி அக்கா, சேலை கிழித்த பெண்கள் எல்லாரும் ஒரேயடியாகக் கண் முன்னால் வந்து நின்றார்கள். எங்கே தொடங்குவது? "தூங்கினேங்கய்யா" என்று மட்டும்தான் வந்தது. அவர் கிண்ணத்தை டக்கென்று வைத்தார்:

"அட, தூங்கினதுக்குத்தானேடா உன்னை அன்னைக்கு அப்படி ஏசினேன்!"

அந்தத் தோட்டத்து இராத்தேயிலையைக் காயவைத்தவன் நான்தான் என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்வேன், ஆனால் என்னைத் தூங்கவைக்க ஒரு லயம், ஒரு குடைக்கடை, அரைமலைப் புல், சாணி வாளி இத்தனையும் வேலைக்கு நின்றதை யாராவது கேட்டால்தான் சொல்வேன்.