கப்பை மடியில் வைத்திருந்தவர்

விழுப்புரத்தில் பைனல் முடிந்து திண்டிவனம் திரும்பிய என் வேனில் இருந்தவர்கள், கூடைப்பந்து ஆடி ஜெயித்த பெண்கள் பத்துப் பேர், அவர்களுக்குப் பயிற்சி கொடுத்த மாஸ்டர், வண்டி ஓட்டிய நான்.

ஒவ்வொரு முறை கூடையில் பந்து விழுந்தபோதும் மாஸ்டர் தன் நெஞ்சைத் தானே தட்டிக்கொண்டதைப் பார்த்திருந்தேன். இப்போது கப்பையும் பெண்களிடம் தராமல் முன்சீட்டில் மடியில் வைத்திருந்தார். வேன் வாடகையில் மீதிப் பாதியை இறங்கும்போதுதான் தருவார். அது வராமல் போய்விடுமோ என்ற பயத்தில் ரோட்டையே பார்த்து ஓட்டினேன்.

மயிலம் ரோடு தாண்டியதும், "நான் இல்லன்னா இதுங்க அழுதுக்கினு வந்திருக்கும்" என்றார். பின்னால் பெண்கள் பாடிக்கொண்டிருந்த பாட்டு நின்றுபோனது. எனக்குப் பொறுக்கவில்லை.

"முட்டிய தேச்சுக்கினு ஆடுனது பொண்ணுங்க சார். நீங்க ஓரமா நின்னு கத்திக்கினு இருந்தீங்க. திறமை அவங்களுது."

"ஓடுறது வண்டி. நீயும் குந்திக்கினுதான வர்ற?"

"நான் திருப்பலன்னா பள்ளத்துல கிடக்கும் சார்."

"அதத்தான்யா நானும் சொல்றேன். இல்ல, நீ மொதல்ல சொன்னதுதான் சரின்னா, வாடகைய வண்டிகிட்டயே குடுத்துடறேன்."

திண்டிவனத்தில் மீதி வாடகையைத் தராமலே கப்போடு இறங்கிப் போய்விட்டார். அவர் சொன்னது சரிதானோ என்று இன்றும் மனசு அடித்துக்கொள்கிறது. சரி என்றால் வாடகையை ஓட்டியவனுக்கு அல்லவா கொடுத்திருக்க வேண்டும்? பாக்கி இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்.