ஓட்டோ பாக்கில் எல்லோரும் பார்த்தெழுதிய ஃபோர்ம்

மாத்தளையில் நான் நீண்ட காலம் வாகன இன்சூரன்ஸ் ஏஜென்ட். செல்வராஜின் ஓட்டோ நாவுல ரோட்டில் லொறியோடு மோதியபோது அவன் முதலில் கூப்பிட்டது என்னைத்தான். அவனுக்கு இன்சூரன்ஸ் போட்டது நான் இல்லை.

முன்பு எந்தக் கம்பனிக்குப் போனாலும் ஒரே கட்டணம். ஓட்டோக்காரர்கள் பழகிய முகத்தைத் தேடி வருவார்கள். நானே ஃபோர்ம் நிரப்புவேன். கட்டணத்தைக் கம்பனிகளே தீர்மானிக்கலாம் என்றானபின், போனிலேயே நாலு இடத்தில் விலை கேட்கத் தொடங்கினார்கள். அதில் தப்பில்லை, பலருக்குக் கட்டணம் குறைந்தது.

ஓட்டோக்கள் சவாரிக்குக் காத்து நிற்கும் பாக்குக்கு எதிரே மசாலாக் கடை வைத்திருப்பவர் ரிஸ்வான் நானா. வீட்டுத் தேவைக்கு மட்டும் ஓட்டோ வைத்திருப்பவர். அவருக்குக் கிடைத்த மலிவு விலையைக் கேட்டு, பாக்கே அவருடைய ஃபோர்மைப் பார்த்து வரிக்கு வரி எழுதியது.

செல்வராஜ் அப்படி எழுதிய தன் ஃபோர்மை என்னிடமே காட்டினான். "கோவிக்காதீங்கண்ணே. ஒங்க சிரிப்புக்காக எவ்வளவுதான் கூடக் கட்டுறது?"

அவன் பேச்சுக்கு நான் எப்போதும் சிரிப்பவன். அன்று சிரிக்கவில்லை. 'ஹயர் ஓடுவதில்லை', அதாவது கூலிக்கு ஆள் ஏற்றுவதில்லை என்ற வரியைப் பார்த்தேன். ரிஸ்வான் நானாவுக்கு அது உண்மை, இவனுக்குப் பொய். விட்டுப் போகிறவன்தானே என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

விபத்து நடந்த இடத்துக்கு நான் போனபோது, கம்பனி ஆள் சேதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாருக்கும் பெரிய காயமில்லை. ஓட்டோவில் வந்த அம்மா, செல்வராஜுக்கு உதவுவதாக நினைத்து முந்திக்கொண்டார்.

"நல்ல மனுசன் சார்! தெனமும் இவரு வண்டியிலதான் சந்தைக்கு வாறேன். ஹயருக்கு ஒரு ரூவா கூடுதலாக் கேக்கமாட்டாரு!"

கம்பனி ஆள் எழுதுவதை நிறுத்திவிட்டு ஃபோர்மைப் புரட்டினார். இழப்பீடு கிடையாது என்று கிளைம் அங்கேயே முடிந்தது.

செல்வராஜ் நசுங்கிய முன்பக்கத்தைப் பார்த்தபடி கேட்டான். "நீங்க அன்னைக்கே பாத்தீங்கதானே அண்ணே?"

"பாத்தேன்."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

மறுநாள் பாக்குக்குப் போய் ஒவ்வொருவரின் ஃபோர்மையும் வாங்கி, அவரவர் கம்பனியிடம் சொல்லித் திருத்த வைத்தேன். கட்டணம் கூடியது. "கமிஷன் இல்லாம வேல செய்றாரு, ஐயாவுக்குக் காய்ச்சலா?" என்று ஒருவன் கேட்டான். செல்வராஜ் அங்கே இல்லை. இரத்தோட்டையில் வேறொருவரின் ஓட்டோவை வாடகைக்கு ஓட்டப் போயிருந்தான்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். விலையில் நீங்கள் தோற்கலாம். வாடிக்கையாளர் போகும்போதும் அவர் ஃபோர்மை வாசித்து, பிழையைச் சொல்லி அனுப்புங்கள். அன்று என் கண் சரியான வரியில்தான் நின்றது. வாயைத்தான் நான் திறக்கவில்லை.