யாரும் ஆஜராகவில்லை

கோட்டாட்சியர் அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நடைமுறை தெரிந்தவன் என்ற பெயர் மிச்சமிருப்பதால், மனு எழுத இன்னும் வீடு தேடி வருகிறார்கள்.

சென்ற மாதம் கோம்பைப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். நான்கு வருடங்களுக்கு முன் வாகனச் சோதனையின்போது போலீஸ் சுட்டதில் அவர் கணவர் இறந்தார். அரிவாளை ஓங்கினார், தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது போலீஸ். விசாரணை எங்கள் அலுவலகத்தில்தான் நடந்தது.

நடந்தது என்பது ஒரு பேச்சுக்கு. இன்ன தேதியில் நேரில் வந்து சொல்லலாம் என்று அந்த அம்மா வீட்டுக்கே அறிவிப்பு அனுப்பினோம். அன்று வீரபாண்டித் தேரோட்டம், உள்ளூர் விடுமுறை. சித்திரையில் தேதி குறிக்கும்போது திருவிழாவைப் பார்க்கவேண்டும் என்பது இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். எனக்குத் தோன்றவில்லை. புதுத் தேதியை அலுவலகப் பலகையில் மட்டும் ஒட்டினோம். ஒட்டிவிட்டால் ஊருக்கே சொன்ன மாதிரி. யாரும் ஆஜராகவில்லை என்று அறிக்கையில் எழுதியதும் நான்தான். சுட்டவர்கள்மேல் நடவடிக்கை தேவையில்லை என்று முடிந்தது.

அந்த அம்மா தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கிய அறிக்கையை நீட்டினார்.

"நான் வந்தேன் சார். கேட்டு பூட்டிக் கெடந்துச்சு. 'தேருக்கு லீவு, பெறகு வா'ன்னாரு வாட்ச்மேன். வரவே இல்லைன்னு எழுதியிருக்காகளாமே?"

வாட்ச்மேன் அதை மறுநாளே என்னிடம் சொல்லியிருந்தார். விடுமுறை நாளில் வந்தது வந்ததாகாது என்று அன்றைக்கு நானாக ஒரு விதி வைத்துக்கொண்டேன்.

"எழுதினது நான்தாம்மா."

அறிக்கையை என் கையில் வைத்தார். "அப்ப நீங்களே மாத்தி எழுதிருங்க."

முடிந்த அறிக்கையை நான் திருத்த முடியாது, உயர் நீதிமன்றத்தில்தான் மறுவிசாரணை கேட்கவேண்டும், நானும் வாக்குமூலம் தருகிறேன் என்றேன். அவர் வந்ததையும் நான் மறைத்ததையும் எழுதி வாசித்துக் காட்டினேன்.

"அம்புட்டுத்தானா? நான் சொல்ல வந்தது?"

அன்று என்ன சொல்ல வந்தார் என்று இதுவரை நான் கேட்டதே இல்லை.

"திராட்சைப் பந்தல்ல இருந்து விழுந்ததுல அவுகளுக்கு வலது கை தோளுக்கு மேல ஏறாது சார். சட்டையே நாந்தான் மாட்டிவிடுவேன். எந்தக் கையால ஓங்குனாகளாம்? அதுல இருக்கான்னு பாருங்க."

அறிக்கையைப் புரட்டினேன். மூன்றாம் பக்கத்தில், நானே தட்டச்சு செய்த வரியில், வலது கை என்று இருந்தது. அந்த வரியை அவருக்கு வாசித்துக் காட்டினேன்.