வாழையும் வாளையும்

முதுநகரிலிருந்து சிதம்பரத்துக்குப் பஸ்ஸில் போய்வந்து என் முதுகு தேய்ந்துவிட்டது. ஆராய்ச்சியாளர் என்றதும் வெள்ளைக் கோட்டும் விருதும் நினைப்பவர்கள் ஒருநாள் என்னோடு அந்தப் பஸ்ஸில் நின்றுகொண்டு வரவேண்டும். ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் காதில் பேச்சு எப்படி விழுகிறது என்பதுதான் என் வேலை. மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொள்ளும் குழந்தை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஏன் திரும்புவதில்லை? இந்த ஒரு கேள்வியோடு பாதி ஆயுள் போயிற்று. பதில் கிடைத்ததா என்று யாராவது கேட்டால் இப்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

சோதனை எளிமையானது. சத்தம் புகாத அறை. குழந்தைக்கு முன்னால் இரண்டு படங்கள். ஒலிபெருக்கியில் ஒரு சொல் கேட்கும், குழந்தை சரியான படத்தைத் தொடவேண்டும். வாழைக்கு ஒரு படம், வாளை மீனுக்கு ஒரு படம். கறிக்கு ஒன்று, கரிக்கு ஒன்று. ஓரெழுத்துதான் வித்தியாசம். அதைப் பிரிக்கத் தெரிந்தால் பேச்சொலிகளைப் பிரிக்கத் தெரிகிறது என்று அர்த்தம். பெற்றோர் கண்ஜாடை காட்டிவிடுவார்கள் என்பதால் அவர்களை வெளியே உட்கார வைத்துவிடுவோம். விதியை எழுதியதும் நான்தான்.

சொற்களைப் பதிவு செய்ததும் என் குரலில்தான். அதில் எனக்கு அசட்டுப் பெருமை உண்டு. சென்னையில் படிக்கப் போன புதிதில் நான் 'வாளப்பளம்' என்று சொன்னதைக் கேட்டு வகுப்பே சிரித்தது. ஆசிரியர் எழுந்து நிற்கச் சொல்லிப் பத்துத் தடவை திருப்பிச் சொல்லவைத்தார். அன்றிலிருந்து நாக்கை மடித்து மடித்துப் பழகி, அப்பழுக்கில்லாத ஒரு ழகரத்தைச் சம்பாதித்தேன்.

போன வருஷம் கடலோர ஊரான கிள்ளையிலிருந்து ஓர் ஆறு வயதுப் பெண் குழந்தை வந்தாள். பேச்சு கிடையாது. அத்தா சவுதியில், அம்மா மட்டும்தான் கூட வருவார். ஊசி விழும் சத்தம் அளவுக்கு மெல்லிய ஒலியைக்கூட அந்தக் குழந்தை கண்டுபிடித்தாள். ஆனால் சொற்களில் பாதிக்குப் பாதி தப்பு. 'செவித்திறன் உண்டு. பேச்சொலிகளைப் பிரித்தறிய இயலவில்லை' என்று அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அன்று எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.

இந்த வருஷம் மறுசோதனைக்கு அதே குழந்தை வந்தாள். அன்றைக்கு ஏசியில் ஏதோ கோளாறு, ஓர் ஈ மாதிரி விடாமல் இரைந்துகொண்டிருந்தது. அம்மாவை விட்டு உள்ளே வர மறுத்துக் குழந்தை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். மாற்றுநாள் தரலாம்தான். எனக்கும் அலுப்பு. 'நீங்களும் வந்து உட்காருங்கம்மா, ஆனா வாயைத் திறக்கக் கூடாது' என்றேன்.

ஒலிபெருக்கியில் என் குரல் 'வாழை' என்றது. குழந்தை மீனைத் தொட்டாள். நான் பெருக்கல் குறி போட்டேன். 'வாளை' என்றது. மீன். 'கறி' என்றது. கறித்துண்டு. 'கரி' என்றது. மறுபடியும் கறித்துண்டு. பெருக்கல் குறி.

'மேடம், கோச்சுக்காதீங்க. அவ சரியாத்தானே தொடுறா?' என்றார் அந்த அம்மா.

'முன்னாடி சொன்னது வாழை. அவ மீனைத் தொடுறா.'

'எங்க வூட்டுல வாளன்னா மீனுதான் மேடம். திங்கிறதுன்னா வாளப்பளம்னு சொல்லுவோம். நீங்க சொல்ற மாதிரி நாக்கைச் சுத்தி யாரு சொல்றாங்க? கரியும் அப்படித்தான். கேஸ் அடுப்புல ஆக்குறோம், அடுப்புக்கரியை இவ எங்க பாத்தா? கறின்னா ஆட்டுக்கறிதான்.'

மீன் நாற்றத்திலேயே வளர்ந்த முதுநகர்க்காரி நான். எங்கள் வீட்டிலும் வாளை என்றால் மீன்தான். அன்று காலைகூடப் பஸ் ஸ்டாண்டில், 'ரெண்டு வாளப்பளம் குடுங்க' என்றுதான் கேட்டு வாங்கியிருந்தேன். வீட்டிலும் தெருவிலும் ஒரு நாக்கு, சோதனை அறையில் ஒரு நாக்கு. அந்தக் குழந்தை பிறந்ததிலிருந்து கேட்டே இராத எழுத்தை வைத்து அவள் காதுக்கு மார்க் போட்டிருக்கிறேன்.

பழைய சொற்பட்டியலை ஒதுக்கி வைத்தேன். புளி, புலி. பல், பால். காது, காசு. அவர்கள் வீட்டில் பிரித்துச் சொல்லும் சொற்களாகப் பார்த்துப் பொறுக்கி, படங்களையும் எடுத்து வைத்து, மைக்கை அந்த அம்மாவிடமே கொடுத்துப் பக்கத்து அறையிலிருந்து சொல்லச் சொன்னேன். அம்மாவின் குரல் கேட்டுக்கொண்டே இருந்ததால் குழந்தை அடம்பிடிக்கவில்லை; இந்தத் தடவை அவளோடு நான் உட்கார்ந்தேன். ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் சரியாகத் தொட்டாள். அந்த ஒன்றும், ஏசி பெரிதாக இரைந்தபோது.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். வெட்கமாக இருந்தது, அதைவிட அலுப்பாக இருந்தது. அலமாரி நிறைய கோப்புகள், எல்லாவற்றிலும் என் ழகரம். 'யானைக்கும் அடி சறுக்கும்' என்று உடன் வேலை பார்ப்பவர் ஆறுதல் சொன்னார். சறுக்கின யானைக்கு அடியில் யார் கிடந்தார்கள் என்று கேட்கத் தோன்றியது.

புது அறிக்கையைத் தட்டச்சு செய்து நீட்டினேன். அந்த அம்மா நின்றபடியே எழுத்துக்கூட்டிப் படித்தார்.

'அப்ப போன வருசம் எழுதிக் குடுத்தீங்களே மேடம், அது?'

'அது தப்பும்மா. என் தப்பு.'

'அதைக் காட்டித்தான் ஸ்கூல்ல கேட்டேன். பேசுனா புரியாத புள்ளைய வச்சிக்கிட்டு நாங்க என்ன பண்றதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. வூட்லயே இருந்தா.'

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் தாளை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையில், மெதுவாகக் கேட்டார்:

'இதுல தப்பு ஒண்ணும் இருக்காதே மேடம்?'

தாளை வாங்கி முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். கையெழுத்தை மட்டும் போட்டுக் கொடுத்தேன்.

ஜூன் மாதம் அவளைப் பள்ளியில் சேர்த்துக்கொண்டார்கள். ஒன்றாம் வகுப்பில், தன்னைவிட ஒரு வயது சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கிறாளாம். அந்த ஒரு வயதை எடுத்துக்கொண்டது நான்தான்.