அவள் அழிக்காமல் விட்ட சொல்

பேய், ஆவி எதையும் நம்பியவள் அல்ல நான். மாத்தளையில் ஒரு மருத்துவ ஆய்வுகூடத்தில் வேலை. இரண்டு தடவை சோதிக்காமல் எந்த ரிப்போர்ட்டிலும் கையெழுத்து வைக்கமாட்டேன். அப்படிப்பட்டவள் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள்.

என் தங்கை கீர்த்தி உக்குவளையில் ஆங்கில டீச்சர். தினமும் காலையில் எங்கள் அறையின் வெள்ளைப் பலகையில் ஓர் ஆங்கிலச் சொல் எழுதுவாள். நான் சரியான பொருள் சொன்னால்தான் இடது கையால் துடைப்பாள், அவள் இடக்கைக்காரி. கடைசியாக எழுதியது 'ஈரி' (eerie). அன்று அவளுக்குக் காய்ச்சல் தொடங்கி இரண்டாம் நாள்.

"ஒரு மாதிரியா பயமூட்டுறது," என்றேன்.

"அது இப்போதைய அர்த்தம். ஆரம்பத்துல என்னன்னு கண்டுபிடிங்க, அப்பதான் அழிப்பேன்." பிறகு குரல் இறங்கியது. "அக்கா, எனக்கு என்னமோ பயமா இருக்கு."

"ரத்தம் நானே பார்த்தேன்டி. எல்லாம் நோர்மல். பேசாம படு."

"நீங்க ரத்தத்தைத்தான் பார்ப்பீங்க, ஆளைப் பார்க்கமாட்டீங்க," என்று சிரித்தாள்.

டெங்கு. இரண்டே நாளில் போய்விட்டாள்.

எட்டாம் நாள் படையல். பிடித்ததையெல்லாம் அறையில் வைத்து, அவள் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு வெளியே காத்திருப்பது எங்கள் வழக்கம். பட்டியல் போட்டவள் நான்தான்: பாற்சோறு, கட்டசம்பல், பொரித்த கருவாடு, பிளேன்டீ. முந்திய நாள்தான் அகராதியில் தேடியிருந்தேன். அந்தச் சொல் பழைய காலத்தில் பயமுறுத்தும் பொருளைக் குறிக்கவில்லையாம்; பயந்துபோயிருக்கும் ஆளைக் குறித்ததாம்.

கதவைச் சாத்துமுன் பலகையைப் பார்த்துச் சொன்னேன்: "பயந்துபோன ஆள், கீர்த்தி. நீதான்."

நல்ல பகல் வெளிச்சம். ஜன்னல்களுக்குக் கொக்கி போட்டிருந்தது. இருந்த ஒரே கதவில் நான் சாய்ந்து நின்றேன். கால்மணி நேரம் கழித்துச் சித்தி திறந்தார்.

"யாரு புள்ள பலகையை அழிச்சது?"

யாருமில்லை. பிறகு அதே மார்க்கரால் நானே எழுதி, பத்து நாள் விட்டுத் துடைத்துப் பார்த்தேன், இரண்டு தடவை. எழுத்தின் நிழல் போகவே இல்லை. அவள் சொல் இருந்த இடத்திலோ நிழல்கூடக் கிடையாது.

அதையாவது விடுங்கள். பிளேன்டீக் கோப்பையை என் பழக்கத்தில் கைப்பிடி வலப்பக்கம் இருக்கும்படி வைத்திருந்தேன். அன்றுகூட ஆளை நினைக்கவில்லை. திறந்தபோது கைப்பிடி இடப்பக்கம் திரும்பியிருந்தது. அதில் மார்க்கரின் நீலம், ஒரு விரலளவு.

கோப்பையை இன்னும் கழுவவில்லை.