மாப்பிள்ளை டிக்கெட் போட்ட படம்

எனக்குச் சினிமாப் பைத்தியம் என்று எங்கள் சொந்தத்தில் எல்லோருக்கும் தெரியும். கோவையில் ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. சனிக்கிழமை மதியம் ஆனால் ஏதாவது ஒரு தியேட்டரில் இருப்பேன், பெரும்பாலும் தனியாக. "ஒத்தையிலயா படத்துக்குப் போனீங்க?" என்று கண்ணை விரிக்கிறவர்களிடம் "இல்லீங்க, தியேட்டர் நெறையா ஆளுங்க இருந்தாங்க" என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. இருந்தும் எந்தப் படம் பார்க்கலாம், எது குடும்பத்தோடு பார்க்கிற மாதிரி இருக்கும் என்று கேட்க அதே ஆட்கள் எனக்குத்தான் போன் செய்வார்கள்.

பெண்ணியப் படம் என்று சொல்லிக்கொண்டு வருகிறவற்றைப் பார்த்தால் மட்டும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு பெண் இருபது தடியன்களைத் தூக்கிப் போட்டு மிதித்தால் அது பெண்ணியப் படமாம். இடைவேளை வரை அவளை அழ அழ வைத்துவிட்டுக் கடைசியில் கோர்ட்டில் மூச்சு விடாமல் வசனம் பேச வைத்தால் அதுவும் பெண்ணியப் படமாம். பேசி முடித்ததும் கூண்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆண்கள் எல்லாம் தலை குனிவார்கள். நிஜத்தில் எந்த ஆண் அப்படிக் குனிந்து நான் பார்த்திருக்கிறேன்? எனக்கு வேண்டியது ரொம்பச் சின்ன விஷயம். அந்தப் பெண்ணுக்குக் கையில் ஒரு வேலை இருக்க வேண்டும். அவள் சும்மா உட்கார்ந்திருந்தால் அதைக் காட்ட இயக்குநருக்குப் பொறுமை இருக்க வேண்டும். அப்படிப்பட்ட படம் எப்போதாவதுதான் வரும், வந்தாலும் ஒரு வாரத்தில் தூக்கிவிடுவார்கள்.

அப்படி ஒன்று போன புரட்டாசிக் கடைசியில் வந்தது. நான் போவதற்குள் எனக்கும் சேர்த்து இன்னொருவர் டிக்கெட் போட்டுவிட்டார். அவர் எங்கள் சின்னம்மாவின் மாப்பிள்ளை.

சின்னம்மாவும் சித்தப்பாவும் வெள்ளகோவிலில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரே மகள், எனக்குத் தங்கச்சி. பிசியோதெரபி படித்துவிட்டுக் கோவையில் ஒரு கிளினிக்கில் வேலை பார்த்தாள். தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளைக்குக் காந்திபுரத்தில் எலக்ட்ரானிக்ஸ் கடை. முதல் ஆடிக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவது வழக்கம் அல்லவா, அந்த ஆடிக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. ஆவணி முழுக்க ஊரில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. புரட்டாசி பிறந்ததும் சொந்தக்கார ஒறம்பரைகள் ஒவ்வொருவராக "பொண்ணு இன்னும் இங்கதான் இருக்குதுங்களா?" என்று காபி குடித்துக்கொண்டே கேட்க ஆரம்பித்தார்கள். தலைதீபாவளி வேறு நெருங்கியது. மாப்பிள்ளையும் பெண்ணுமாக அவர்கள் வீட்டிலிருந்து கிளம்பி வந்து இறங்க வேண்டிய தீபாவளி அது. பெண் ஏற்கனவே இங்கேயே இருந்தால் யாரை அழைப்பது, எப்படி அழைப்பது? சின்னம்மாவுக்கு அந்த ஒரு மாதம் சோறு இறங்கவில்லை.

அடித்தாரா என்றால் இல்லை. குடிக்கிறவரா என்றால் அதுவும் இல்லை. நடந்தது இவ்வளவுதான். ஒருநாள் காலையில் அவள் குளித்துக்கொண்டிருந்தபோது, அவள் வேலை செய்த கிளினிக்குக்கு அவரே போன் போட்டு, "நாளையிலிருந்து அவங்க வரமாட்டாங்க" என்று சொல்லிவிட்டார். வீட்டில் அம்மாவுக்குத் துணைக்கு ஆள் இல்லை என்பது காரணம். தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவளிடம் அதைச் சாதாரணமாகச் சொன்னாராம், சிலிண்டர் பதிவு பண்ணியாச்சு என்று சொல்வதைப் போல. பக்கவாதம் வந்த ஒரு பெரியவரை அவள் அப்போது நடக்கப் பழக்கிக்கொண்டிருந்தாள். "அவரு இப்பத்தாங்க்கா கால எடுத்து வெக்க ஆரம்பிச்சாரு. நான் எங்க போனேன்னுகூட அவருக்குத் தெரியாது" என்று என்னிடம் போனில் சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவளைத் திரும்ப அனுப்ப வேண்டாம் என்று சின்னம்மாவிடம் நான் சண்டை போட்டுப் பார்த்தேன். அவர் சொன்ன பதில் இதுதான்.

"கெட்ட பழக்கம்னு ஒண்ணு இல்லையே கண்ணு. நா எதச் சொல்லி இவள இங்க வெச்சுக்கறது? ஒரு அடி அடிச்சிருந்தாலும் ஊருக்குச் சொல்றதுக்கு ஆச்சு."

பெற்ற தாய் வாயிலிருந்து இப்படி வந்துவிட்டதே என்று நீங்கள் நினைக்கலாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தை நான் பார்த்தேன். தூக்கமில்லாத முகம். மகளைப் பிடிக்காமல் யாரும் அப்படி மெலிந்துபோவதில்லை.

இந்த நிலைமையில்தான் மாப்பிள்ளை டிக்கெட் போட்டார். பெண்களைப் பற்றி நல்ல படம் வந்திருப்பதாகக் கடைக்கு வந்த யாரோ சொல்லியிருக்கிறார்கள். தான் திருந்திவிட்டதை எப்படிக் காட்டுவது என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்த மனிதர், பிடித்தார் அதைக் கெட்டியாக. வெள்ளகோவிலுக்குக் காரை எடுத்துக்கொண்டு போய் சின்னம்மாவையும் தங்கச்சியையும் அழைத்து வந்து, என்னையும் வழியில் ஏற்றிக்கொண்டார். மேட்னி ஷோ. படம் முடிந்ததும் அம்மாவும் மகளும் என் வீட்டில் தங்கிவிட்டு மறுநாள் பஸ்ஸில் ஊருக்குப் போவதாக ஏற்பாடு. அப்படித்தான் தங்கச்சி நினைத்திருந்தாள், நானும் நினைத்திருந்தேன்.

படம் ஒரு பாட்டுக்காரியைப் பற்றியது. கல்யாண வீடுகளில் கச்சேரி பண்ணுகிற குழுவில் பாடுகிறவள். கணவன் நல்லவன்தான், ஆனால் பாட வேண்டாம் என்கிறான். அவள் ஒரு நாள் கிளம்பிப் போய்விடுகிறாள். அடிதடி கிடையாது, கத்தல் கிடையாது. இடைவேளைக்கு விளக்குப் போட்டபோது நான் வாயெல்லாம் பல்லாக இருந்தேன். இப்படி ஒரு படத்தை எடுத்தவர்கள் நன்றாக இருக்க வேண்டும் என்று மனதார வாழ்த்தினேன்.

மாப்பிள்ளை பாப்கார்ன் வாங்கப் போனார். தங்கச்சி சீட்டிலேயே உட்கார்ந்துகொண்டாள். லேடீஸ் டாய்லெட்டில் வழக்கம்போல நீள வரிசை. அங்கே நிற்கும்போது சின்னம்மா என் காதருகே வந்தார்.

"அம்மணி, உங்கிட்டச் சொல்லாம இருக்க முடியல. அவ பொட்டிய, மாப்ள ஊட்டுக்குன்னு கொண்டாந்த தேங்கா மூட்டைக்கு அடியில வெச்சு டிக்கில ஏத்திப்போட்டேன். படம் முடிஞ்சதும் அப்புடியே மாப்ளகூட அனுப்பிச்சர்லாம்னு."

"அவளுக்குத் தெரியுங்களா?"

"சொன்னா வருவாளா?"

"மாப்பிள்ளைக்கு?"

"அவரு கேட்டுத்தான் வெச்சேன். மூஞ்சியப் பாத்தாப் பாவமா இருந்துது."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த வரிசையிலேயே கத்தியிருப்பேன். முன்னால் நின்ற பெண் திரும்பிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, நீங்கள் அவளிடம் சொல்லாவிட்டால் நான் சொல்லிவிடுவேன் என்றேன். சின்னம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "படம் முடியட்டும் சாமி. நானே சொல்லிப்போடறேன்" என்றார். சரி என்றேன். ஆனால் அவர் சொல்லவில்லை என்றால் காரில் ஏறுவதற்குள் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டேன்.

இரண்டாம் பாதி இன்னும் நன்றாக இருந்தது. பாட்டுக்காரி ஒரு ஒற்றை அறையை வாடகைக்குப் பிடிக்கிறாள். அறையில் ஒன்றுமில்லை. கடைக்குப் போய் ஒரு பக்கெட்டும் மக்கும் வாங்குகிறாள். அந்தப் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு அவள் தெருவோடு நடந்து வருவதை அப்படியே காட்டிக்கொண்டிருந்தார்கள். பின்னால் யாரோ விசிலடித்துக் கேலி செய்தான். சின்னம்மாவும் "பக்கெட்டு வாங்கறதையெல்லாமா படம் புடிப்பாங்க?" என்று என்னிடம் முணுமுணுத்தார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தேன். அவர் முந்தானை நுனியை வாயில் வைத்துக் கடித்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கென்று ஒரு பக்கெட்டை அவரே போய் வாங்கியிருப்பாரா என்று யோசித்தேன். வாங்கியிருக்க மாட்டார். நகையிலிருந்து நைட்டி வரை சித்தப்பா வாங்கி வருவதுதான் அந்த வீட்டில் வழக்கம்.

கடைசியில் கணவன் அந்த அறையைத் தேடி வருகிறான். வாசலில் நின்று மன்னிப்புக் கேட்கிறான். அவள் அவனுக்குத் தண்ணீர் கொடுக்கிறாள், உட்காரச் சொல்கிறாள். கூடப் போகவில்லை. கச்சேரிக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புகிறாள். அவ்வளவுதான் படம்.

எங்கள் வரிசைக் கோடியில் விசும்பல் கேட்டது. மாப்பிள்ளை அழுதுகொண்டிருந்தார். லேசாகக் கண் கலங்கியதெல்லாம் இல்லை, கைக்குட்டையை முகத்தில் அழுத்திக்கொண்டு, தோள் குலுங்க அழுதார். அந்தப் பாட்டுக்காரிக்காக அழுதாரா, வாசலில் தண்ணீர் குடித்துவிட்டுத் தனியாக நின்றவனுக்காக அழுதாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் நடிக்கவில்லை என்பது மட்டும் தெரியும். அதுவரை அவர்மேல் இருந்த எரிச்சல் எனக்குப் பாதி குறைந்துவிட்டது. தங்கச்சி தன் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து அவரிடம் கொடுத்தாள்.

சின்னம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. லிஃப்டில் இறங்கும்போதே என் விலாவில் இடித்தார். "மாப்ள அழுதுட்டாரு, பாத்தியா?" என்று கிசுகிசுத்தார். அவர் முகம் அப்படித் தெளிந்திருந்தது. ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அந்த முகத்தில் நிம்மதியைப் பார்த்தேன். பெட்டியைப் பற்றி மகளிடம் இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கீழே கார் நிறுத்துகிற இடத்தில் புகையும் சூடுமாக இருந்தது. நான் தங்கச்சியைத் தனியாகக் கூப்பிடலாம் என்று வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளை பேச ஆரம்பித்துவிட்டார். கண் இன்னும் சிவந்திருந்தது.

"அத்தை, எனக்குப் புரிஞ்சுபோச்சுங்க. நாஞ் செஞ்சது தப்புங்க. இனிமே அவள வேலைக்கு விடறனுங்க. அவ எந்தக் கிளினிக்குக்குப் போகோணும்னு சொல்றாளோ, அங்கியே விடறேன்."

சின்னம்மா கைகூப்பாத குறை. "இதைத்தானுங்க மாப்ள நாங்க கேட்டோம்" என்றார். எனக்கும், சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்த ஒரு நொடி சந்தோஷமாகத்தான் இருந்தது. வீம்பு பிடிக்காமல் தப்பு என்று ஒத்துக்கொள்ள எத்தனை பேருக்கு மனசு வரும்?

தங்கச்சி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற மாதிரிதான் கேட்டாள்.

"ஏனுங்க, உங்கள யாருங்க விட்டாங்க?"

"எங்க?"

"கடைக்குங்க. தெனமும் காத்தால கெளம்பிப் போறீங்கல்ல. யாரு விட்டாங்க?"

அவருக்குக் கேள்வி பிடிபடவில்லை. வெள்ளந்தியாகப் பதில் சொன்னார்.

"என்னைய யாரு விடறது? நானாத்தான் போறேன்."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு அந்தக் கேள்வி உறைத்தது. ஒரு கார் எங்களைச் சுற்றிக்கொண்டு ஹாரன் அடித்தபடி போனது. அவர் தரையைப் பார்த்தார், கையிலிருந்த சாவியைப் பார்த்தார். பாவமாகத்தான் இருந்தது. தங்கச்சி தோளில் மாட்டியிருந்த சின்னப் பையைச் சரிசெய்துகொண்டு, "போலாமாக்கா, உங்க ஊட்டுக்கு?" என்று என்னிடம் கேட்டாள்.

நான் சின்னம்மாவைப் பார்த்தேன். அவர் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். லிஃப்டில் பார்த்த அந்தத் தெளிவு முகத்தைவிட்டுப் போயிருந்தது. அழப்போகிறார் என்று நினைத்தேன்.

"டிக்கியத் தொறங்க மாப்ள" என்றார்.

அவர் திறந்தார். சின்னம்மா குனிந்து தேங்காய் மூட்டையை இரண்டு கையாலும் ஒருபக்கமாகத் தள்ளினார். அடியில் நீலப் பெட்டி இருந்தது. தங்கச்சிக்கு அது யாருடையது என்று புரிய ஒரு நிமிடம் ஆனது.

"அம்மா, இது என்ர பொட்டி."

சின்னம்மா பெட்டியின் கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். கனம். மாப்பிள்ளை பதறிப்போய் முன்னால் வந்து, "உடுங்கத்தை, நா எடுத்துத் தாரேன்" என்று கையை நீட்டினார்.

"வேண்டாங்க மாப்ள" என்றார் சின்னம்மா, மகளின் முகத்தைப் பார்க்காமலே. "நாந்தானுங்க இத ஏத்துனேன். நானே எறக்கிக்கறேன்."